சென்ட்ஓஎஸ் கொடுத்த தேதி (2004–2024)

2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமையோடு, சர்வர்களை இயக்கும் சென்ட்ஓஎஸ் என்ற இயங்குதளத்தின் 7-ஆம் பதிப்புக்கான ஆதரவு முடிந்தது. இனி அதில் எந்தப் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைத்துத் தர ஆள் இல்லை. புதிய மென்பொருள் பொதிகள் எந்தக் கிடங்கில் இருக்கின்றன என்று சர்வர்கள் வழக்கமாக விசாரிக்கும் மிரர்லிஸ்ட் முகவரியும் அதன்பின் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. புதுப்பிக்கும் கட்டளையான ‘யம் அப்டேட்’டைத் தட்டினால், அப்படியொரு முகவரியே இல்லை என்று பதில் வந்தது. சென்ட்ஓஎஸ் லினக்ஸ் குடும்பத்தில் மிஞ்சியிருந்த கடைசிப் பதிப்பு அது. அதற்கு இளையதான 8, இரண்டரை ஆண்டு முன்னதாக, 2021 டிசம்பர் 31 அன்றே போய்ச் சேர்ந்திருந்தது. அண்ணன் இருக்கத் தம்பி முந்திக்கொண்டது இயல்பாக நடந்த காரியமல்ல. அதைச் சொல்லாமல் இந்த இரங்கலை எழுத முடியாது.

கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இணையம் பார்த்தவர் எவரும் அதன் தயவில் ஒரு பக்கமாவது படித்திருப்பார். சிறிய கடைகள், பள்ளிகள், சிற்றிதழ்கள், திருமணத் தகவல் மையங்கள் எல்லாம் குறைந்த கட்டணத்தில் ஹோஸ்டிங் வாங்கித் தளம் நடத்திய காலத்தில், அந்த சர்வர்களை நிர்வகித்தது பெரும்பாலும் சிபேனல். சிபேனலுக்கு அடியில் இருந்தது பெரும்பாலும் சென்ட்ஓஎஸ். அலுவலகங்களில் ஜிம்ப்ரா மெயில் சர்வர் அதன்மேல் ஓடியது. கால் சென்டர்களில் அஸ்டெரிஸ்க் வழியாக அழைப்புகளைப் பிரித்துக் கொடுத்த எலாஸ்டிக்ஸ் அதன்மேல்தான் கட்டப்பட்டிருந்தது. 2010-இல் டபிள்யூ3டெக்ஸ் எடுத்த கணக்கில், லினக்ஸ் வெப் சர்வர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் சென்ட்ஓஎஸ். டெபியனை முந்தி முதலிடத்தில் இருந்தது.

சென்னையில் என் தலைமுறையைச் சேர்ந்த பல சிஸ்டம் அட்மின்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். அமெரிக்க ஹோஸ்டிங் கம்பெனிகளுக்கு இரவு ஷிஃப்டில் சப்போர்ட் பார்க்கும் வேலை. டிக்கெட் வரும், சர்வருக்குள் நுழைவோம், முதல் காரியமாக எந்தப் பதிப்பு என்று பார்ப்போம். எங்கள் ஷிஃப்டில் மூத்தவராக இருந்த அண்ணா ஒருவர் புதிதாகச் சேரும் பையன்களிடம் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: “கை வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளு தம்பி. இது எந்த வெர்ஷன்? இது எப்ப முடியுது?” இரண்டாவது கேள்விக்குச் சென்ட்ஓஎஸ்ஸிடம் எப்போதும் பதில் இருந்தது. 5-க்கு 2017 மார்ச் 31. 6-க்கு 2020 நவம்பர் 30. 7-க்கு 2024 ஜூன் 30. இந்தத் தேதிகளை நாங்கள் மனப்பாடமாகவே வைத்திருந்தோம்.

அது பிறந்த கதை ஒரு கைவிடலில் தொடங்குகிறது. ரெட் ஹேட் என்ற அமெரிக்க நிறுவனம் தன் லினக்ஸை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டுவந்தது. இந்தியாவில் பலர் லினக்ஸை முதன்முதலில் பார்த்தது பிசிக்வெஸ்ட் பத்திரிகையோடு வந்த சிடியில். அதற்கும் அடிப்படை ரெட் ஹேட்தான். 2003 மார்ச்சில் வந்த 9-ஆம் பதிப்போடு ரெட் ஹேட் அந்த வரிசையை மூடியது. 2004 ஏப்ரல் 30-ஓடு அதற்கான ஆதரவும் முடிந்தது. இனி என்டர்பிரைஸ் லினக்ஸ் மட்டும், அதுவும் ஆண்டுச் சந்தா கட்டினால் என்றார்கள். சந்தா கட்ட முடியாத கல்லூரிகளும் ஆய்வகங்களும் சிறு நிறுவனங்களும் நடுத்தெருவில் நின்றன.

லூசியானா மாநிலத்தில் பூரகார்ட் என்ற வட்டாரத்துப் பொது நூலகமும் அவற்றில் ஒன்று. சில சர்வர்களையும் ஐம்பதுக்கு மேற்பட்ட கணினிகளையும் ரெட் ஹேட் லினக்ஸில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்தவர் ரெட் ஹேட்டின் மூலநிரலை எடுத்துத் தானே கம்பைல் செய்து, ‘ஒயிட் பாக்ஸ்’ என்று பெயரிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். அமெரிக்காவின் ஃபெர்மிலேப், ஐரோப்பாவின் செர்ன் ஆகிய இரண்டு இயற்பியல் ஆய்வகங்கள் சேர்ந்து சயன்டிஃபிக் லினக்ஸைத் தொடங்கின. கிரெகரி கர்ட்ஸர் நடத்திய சேயாஸ் என்ற திட்டத்தின் மடியில் சென்ட்ஓஎஸ் வளர்ந்தது. அதன் முதல் வெளியீடுகள் 2004-இல் வந்தன. கட்டற்ற மென்பொருள் உரிமத்தின்படி மென்பொருளைப் பெற்றவருக்கு மூலநிரலும் தர வேண்டும். ரெட் ஹேட் அதற்கும் ஒரு படி மேலே போய், சந்தா கட்டாதவரும் எடுத்துக்கொள்ளும்படி மூலநிரலைப் பொதுவில் வைத்திருந்தது. அந்த நல்ல வழக்கத்தை நம்பித்தான் இத்தனையும் பிழைத்தன.

மூலநிரல் கையில் இருந்தால் கம்பைல் செய்து வெளியிட வேண்டியதுதானே என்று தோன்றும். அந்த வேலையின் கஷ்டம் கிட்டப் போனால்தான் தெரியும். முதலில் ஆயிரக்கணக்கான பொதிகளில் எங்கெங்கே ரெட் ஹேட்டின் பெயரும் சின்னமும் ஒளிந்திருக்கின்றன என்று தேடி நீக்க வேண்டும். வணிகச் சின்னத்தில் கை வைத்தால் வழக்கு வரும். 2005-இல் ரெட் ஹேட்டின் வழக்கறிஞர்களிடமிருந்து கடிதமும் வந்தது. அதற்குப்பின் சென்ட்ஓஎஸ்காரர்கள் தங்கள் தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், வட அமெரிக்காவின் பெரிய லினக்ஸ் நிறுவனம் ஒன்று என்றே பல ஆண்டுகள் எழுதிவந்தார்கள். அடுத்தது இன்னும் கடினம். ஒரு பொதியை எந்தக் கம்பைலரால், எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பை வைத்து ரெட் ஹேட் உருவாக்கியது என்று மூலநிரலோடு எழுதி வைத்திருக்க மாட்டார்கள். எதற்கு முன் எது என்ற வரிசையையும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொன்றையும் உருவாக்கி, மூலப் பொதியோடு ஒப்பிட்டு, இணைந்திருக்கும் நூலகங்கள் பிசகினால் கலைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ரெட் ஹேட்டின் பிழைகூட அப்படியே இதிலும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட விதி. அப்படி இருந்தால்தான், ரெட் ஹேட்டுக்கு என்று சான்றளிக்கப்பட்ட டேட்டாபேஸோ சேமிப்புக் கருவியின் டிரைவரோ இதிலும் ஓடும்.

இதையெல்லாம் செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். பகலில் வேறு வேலை, இரவில் இது. 2006-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டட்டில் என்ற சிற்றூரின் இணையதளம் கோளாறாகி, வெப் சர்வரின் வெறும் அறிமுகப் பக்கம் மட்டும் தெரிந்தது. அதில் சென்ட்ஓஎஸ் என்று எழுதியிருந்ததைப் பார்த்த நகர மேலாளர், யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று எண்ணி, எஃப்பிஐயிடம் சொல்லப்போவதாக அவர்களுக்கே மெயில் எழுதினார். அந்த ஊருக்கு எந்த விதத்திலும் பொறுப்பில்லாத தன்னார்வலரான ஜானி ஹியூஸ், அது ஹேக் இல்லை என்று பல மெயில்களில் விளக்கி, தளத்தை நடத்தும் ஹோஸ்டிங் கம்பெனியையும் தேடிக்கண்டுபிடித்துச் சொன்னார். இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு இந்த அளவு பொறுப்பேற்றவர்கள் அவர்கள்.

அந்தச் சிலரை மட்டுமே நம்பியிருந்ததன் ஆபத்து 2009-இல் வெளியே தெரிந்தது. திட்டத்தின் இணைய முகவரியும் நன்கொடைக் கணக்கும் நிறுவனர்களில் ஒருவர் பெயரில் இருந்தன. அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே போய்விட்டார். மற்றவர்கள் ஜூலை இறுதியில் பகிரங்கக் கடிதம் எழுதிய பிறகுதான் வந்து பேசித் தீர்த்தார். அடுத்த சோதனை 6-ஆம் பதிப்பு. ரெட் ஹேட் 2010 நவம்பரில் வெளியிட்டது. சென்ட்ஓஎஸ் வர 2011 ஜூலை ஆயிற்று. அந்த எட்டு மாதமும் கோபமாகக் கேள்வி கேட்டவர்கள் ஏராளம். கம்பைல் செய்யக் கைகொடுக்க வந்தவர்கள் மிகக் குறைவு.

சரி, அப்படிக் காத்திருந்து வாங்கிய பதிப்புக்குப் பழைய சர்வரை மாற்றுவது எப்படி? இங்கேதான் ஆதரவு முடியும் அந்தத் தேதியின் மதிப்பு புரியும். உபுண்டுவிலும் டெபியனிலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை அப்படியே அடுத்த பதிப்புக்கு உயர்த்த வழி உண்டு. சென்ட்ஓஎஸ்ஸில் 5-இலிருந்து 6-க்கும், 6-இலிருந்து 7-க்கும் நம்பிக்கையான அத்தகைய வழி இருந்ததே இல்லை. புதிய சர்வரை நிறுத்தி, அதில் புதிய பதிப்பைப் போட்டு, பழையதிலிருந்து ஒவ்வொன்றாகக் குடிபெயர்க்க வேண்டும்.

6-இலிருந்து 7-க்குப் போனதைச் சொல்கிறேன். அது பெரிய தாண்டல். சர்வர் எழுந்ததும் என்னென்ன ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் முறையே மாறி, சிஸ்டம்டி வந்திருந்தது. ‘ஈத் ஜீரோ’ என்றே எல்லா ஸ்கிரிப்டிலும் எழுதி வைத்திருந்த நெட்வொர்க் கார்டு, விஎம்வேரில் ‘இஎன்எஸ் 192’ என்று வேறு பெயரில் வந்து நின்றது. பழைய ஃபயர்வால் விதிகள், இப்போது இல்லாத ஒரு கார்டைக் காவல் காத்தன. மைஎஸ்கியூஎல் இருந்த இடத்தில் மரியாடிபி. அப்பாச்சி 2.2 போய் 2.4. பழைய அமைப்புக் கோப்பைக் கொண்டுபோய் வைத்தால் பல தளங்கள் அனுமதி இல்லை என்று 403 காட்டின. எல்லாவற்றையும் சரிசெய்து, தளம் திறக்கிறது, மெயில் போகிறது என்று பார்த்து நிம்மதியாகும்போது, ஒரு நாள் டேட்டா சென்டரில் மின்சாரம் போய் வரும். சர்வர் தானாக எழும். பில்லிங் புரோகிராம் மட்டும் எழாது. காரணம், அதைத் தொடங்கும் வரி ஆர்சி.லோக்கல் என்ற கோப்பில் இருக்கும். 6-இல் அந்தக் கோப்பு தானாகவே ஓடும். 7-இல் ஓடும் அனுமதி இல்லாமலே வரும். கோப்பு இருக்கும், வரியும் சரியாக இருக்கும். அனுமதி கொடுத்தால்தான் ஓடும். இதைத் தேடிக் கண்டுபிடித்த அட்மின்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள்.

தமிழ்த் தளங்களை மாற்றியவர்களுக்கு இன்னொரு சோதனை இருந்தது. பழைய மைஎஸ்கியூஎல்லில், வேறு எதுவும் சொல்லாவிட்டால் அட்டவணைகள் லத்தீன்-1 குறிமுறையில் உருவாகும். தளத்தை எழுதிய புரோகிராமர் அதைக் கவனிக்காமல் யுனிகோட் தமிழை அதில் கொட்டியிருப்பார். போட்ட பைட்டுகள் அப்படியே திரும்பி வருவதால் உலாவியில் தமிழ் ஒழுங்காகவே தெரியும். பல ஆண்டுகள் யாருக்கும் சந்தேகம் வராது. புதிய சர்வருக்கு மாற்றும்போது, இந்த முறையாவது யூடிஎஃப்-8 என்று சரியாக வைப்போம் என்று அட்டவணையை மாற்றி இறக்குவோம். ‘த’ என்ற ஒரே எழுத்து மூன்று பைட். தலையில் கோடு போட்ட ஓர் ஐரோப்பிய எழுத்து, வட்டத்துக்குள் இருக்கும் வணிகச் சின்னக் குறி, நாணயக் குறி என்று அது மூன்று துண்டாக உடைந்து நிற்கும். தமிழின் பெரும்பாலான உயிரும் மெய்யும் அதே முதலிரண்டு பைட்டில் தொடங்குவதால் பக்கம் முழுக்க அந்த வட்டக் குறி வரிசை கட்டி நிற்கும். பத்தாண்டுக் கட்டுரைகளும் கவிதைகளும் வாசகர் கடிதங்களும் இப்படித் தெரிந்தால் வயிறு கலங்கும். மருந்து உண்டு: டேட்டாபேஸை லத்தீன்-1 என்றே சொல்லி வெளியே எடுத்து, எடுத்த கோப்பின் தலையில் மட்டும் யூடிஎஃப்-8 என்று திருத்தி, அதன்பின் உள்ளே இறக்க வேண்டும். ஆனால் அதை நிதானமாகச் செய்ய வேண்டும். ஒரு தடவை ஒத்திகை, சரிபார்ப்பு, அதன்பின் அசல். அவசரத்தில் செய்தால் பாதி சரியாகவும் பாதி உடைந்தும் கலந்துவிடும். பிறகு பிரிப்பது பெரும்பாடு.

அந்த நிதானத்தைத்தான் பத்தாண்டு ஆதரவு தந்த அந்தத் தேதி எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது. தணிக்கை முடியட்டும், தீபாவளி விற்பனை முடியட்டும், தேர்வு முடிவுகள் வரட்டும் என்று தள்ளிப்போட முடிந்தது. இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கும். பதிப்பு எண் மாறாது. ஓட்டை மட்டும் அடைபடும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்து உலகமே அலறியபோது, 6-ஆம் பதிப்புக்குத் திருத்திய ஓப்பன்எஸ்எஸ்எல் அடுத்த நாளுக்குள் கிடங்குக்கு வந்துவிட்டது. அந்த செப்டம்பரில் ஷெல்ஷாக் வந்தபோதும் அப்படியே. பத்தாண்டுக்கு முந்தைய மென்பொருளைப் பாதுகாப்பாக வைத்திருப்பது புதிதாக எழுதுவதைவிடச் சலிப்பான வேலை. புகழ் இல்லாத வேலையும்கூட. ரெட் ஹேட்டின் பொறியாளர்கள் அதைச் செய்தார்கள், அதற்குச் சம்பளம் கொடுத்தது ரெட் ஹேட், அந்தப் பலன் எங்களுக்கும் வந்தது. இதை மறைத்துவிட்டுக் கடைசிக் காலத்தை மட்டும் சொல்வது நியாயமில்லை.

2014 ஜனவரியில் ரெட் ஹேட்டே சென்ட்ஓஎஸ்ஸோடு கைகோத்தது. முக்கியமான பணியாளர்கள் சிலர் அதன் ஊழியர்களாயினர். கம்பைல் செய்யச் சர்வர்களும் சம்பளமும் கிடைத்தன. 7-ஆம் பதிப்பு ரெட் ஹேட்டுக்கு அடுத்த மாதமே வந்தது. இனி கவலையில்லை என்றுதான் பலரும் எண்ணினோம். 2018 அக்டோபரில் ரெட் ஹேட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்குவதாக ஐபிஎம் அறிவித்தது. 2019 ஜூலையில் கை மாறியது. அதற்குச் சற்று முன், அந்த ஏப்ரலில், ஃபெர்மிலேப் ஒரு முடிவெடுத்தது: சயன்டிஃபிக் லினக்ஸில் 8-ஆம் பதிப்பு வராது, எல்லோரும் சென்ட்ஓஎஸ் 8-க்கே போகலாம். இரண்டு குழுக்கள் ஒரே வேலையைச் செய்வானேன் என்ற எண்ணம். செப்டம்பர் 24 அன்று சென்ட்ஓஎஸ் 8 வந்தது. ஆதரவு 2029 மே 31 வரை என்று போட்டிருந்தார்கள்.

2020 நவம்பர் 30-இல் 6-இன் காலம் முடிந்தது. பெருந்தொற்றுக் காலம், டேட்டா சென்டருக்குப் போகவே அனுமதி வாங்க வேண்டிய நாட்கள். அந்த நிலையிலும் தேதியை மதித்தவர்கள், வீட்டிலிருந்தபடியே இரவு பகலாக உட்கார்ந்து, 6-இல் இருந்தவற்றை 8-க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 7-க்கு ஏன் போகவில்லை? 7-க்கு மூன்றரை ஆண்டுதான் மிச்சம், 8-க்கு எட்டரை ஆண்டு. பொறுப்புள்ள எந்த அட்மினும் 8-ஐத்தான் பரிந்துரைப்பார்.

டிசம்பர் 8 அன்று அறிவிப்பு வந்தது. சென்ட்ஓஎஸ் 8 அடுத்த ஆண்டின் கடைசி நாளோடு முடியும். 7 மட்டும் முன்பு சொன்ன தேதி வரை நீடிக்கும். இனிமேல் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டுமே. 6 முடிந்து எட்டே நாள் ஆகியிருந்தது.

ஸ்ட்ரீம் கெட்ட பொருள் அல்ல. ஃபேஸ்புக் தன் சர்வர்களை அதில் ஓட்டுகிறது. ஆனால் அது வேறு பொருள். சென்ட்ஓஎஸ் லினக்ஸ் ரெட் ஹேட்டுக்குப் பின்னால் வந்தது. அங்கே சோதித்து முடித்ததுதான் இங்கே வரும். ஸ்ட்ரீம் ரெட் ஹேட்டின் அடுத்த சிறுபதிப்புக்கு முன்னால் போகிறது. ஃபேஸ்புக்கிடம் அதைக் கவனிக்கப் பொறியாளர் படை இருக்கிறது. சம்பளப் பட்டியலையும் கிடங்குக் கணக்கையும் ஒரே சர்வரில் வைத்திருக்கும் மொத்த வியாபாரியிடம் இருப்பது மாதத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் ஓர் அட்மின்தான்.

அப்படியொரு வியாபாரிக்கு நான் போன் செய்ய வேண்டியிருந்தது. அவருடைய சர்வரை அந்த நவம்பரில்தான் 8-க்கு மாற்றியிருந்தோம். அதற்கே அவரைச் சம்மதிக்கவைக்கப் பெரும்பாடு. நல்லா ஓடுதே, எதுக்கு மாத்தணும் என்று பல மாதம் தள்ளிப்போட்டவர். கடைசியில் அவரை அசைத்தது 2029 என்ற எண்தான். இந்த ஒரு தடவை செலவு செய்தால் எட்டரை வருஷம் நிம்மதி என்று கணக்குப் போட்டுச் சம்மதித்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை.

“சார், 2029 வரைக்கும்னு சொன்னீங்களே?”

“சொன்னேன் சார். அவங்க போட்டிருந்த தேதிதான் அது. இப்ப மாத்திட்டாங்க.”

“அப்படியெல்லாம் மாத்தலாமா சார்?”

சட்டப்படி மாற்றலாம். காசு வாங்காமல் கொடுத்த பொருள். எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஆனால் ஒரு தேதியை எழுதிப் பொதுவில் வைத்து, அதை நம்பி மற்றவர்கள் தங்கள் உழைப்பையும் பணத்தையும் போடுவதைப் பார்த்துக்கொண்டும் இருந்தால், அது வாக்கு. அந்த வியாபாரி தொழில் செய்யும் தெருவில் பாதிக் கணக்கு வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது; அங்கே இப்படிச் செய்தவருக்கு அடுத்த முறை சரக்கு வராது. 9-ஆம் பதிப்பிலிருந்து முறை மாறும் என்று ரெட் ஹேட் சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருப்போம், புரிந்துகொண்டும் இருப்போம். ஓடிக்கொண்டிருந்த 8-இன் ஆயுளில் ஏழரை ஆண்டை வெட்டியதைத்தான் ஏற்க முடியவில்லை. அதன் பலன் தலைகீழாக விழுந்தது என்பது இன்னும் கசப்பு. சோம்பிப்போய் 7-லேயே கிடந்தவர்களுக்கு மூன்றரை ஆண்டு கிடைத்தது. சொன்னபடி நடந்து 8-க்கு வந்தவர்களுக்கு ஓராண்டு. ஃபெர்மிலேப்பைப் போல இதை நம்பித் தங்கள் சொந்தத் திட்டத்தையே மூடியவர்கள் வேறு.

அறிவிப்பு வந்த வாரமே கிரெகரி கர்ட்ஸர் மறுபடி எழுந்தார். சென்ட்ஓஎஸ் தொடங்கிய நாட்களில் தன்னோடு உழைத்து, அதன் வெற்றியைப் பார்க்காமலே இறந்துபோன ராக்கி மெக்கா என்ற தோழரின் பெயரால் ராக்கி லினக்ஸ் என்ற திட்டத்தை அறிவித்தார். ஹோஸ்டிங் உலகுக்கான லினக்ஸை விற்றுவந்த கிளவுட்லினக்ஸ் நிறுவனம் அல்மாலினக்ஸைத் தொடங்கி, அதை ஓர் இலாப நோக்கற்ற அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. 2021 மார்ச் இறுதியில் அல்மா, ஜூனில் ராக்கி. 8-இலிருந்து இவற்றுக்கு மாற ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினால் போதும்; பொதிகளின் கையொப்பமும் கிடங்கின் முகவரியும் மாறும், ரீபூட் செய்தால் வேறு பெயரில் எழும். அந்த வியாபாரியின் சர்வரை அப்படித்தான் மாற்றினோம். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அவர் பில்லிங் ஆட்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

7-இல் இருந்தவர்களுக்கு எளிதாக முடியவில்லை. 7-இலிருந்து 8-க்கு உயர்த்த அல்மாக்காரர்கள் எலிவேட் என்ற கருவியை 2021-லேயே தந்தார்கள். ரெட் ஹேட்டின் லீப் என்ற கருவியை மற்ற குடும்பங்களுக்கும் பொருந்தும்படி திருத்தியது அது. ஓட்டுவதற்கு முன் சர்வரை ஆராய்ந்து எது தடையாக இருக்கும் என்று அறிக்கை தரும். அந்த அறிக்கைதான் பல இடங்களில் கதையை முடித்தது. 8-இல் பல பழைய ரெய்டு கார்டுகளின் டிரைவர்கள் நீக்கப்பட்டிருந்தன. பொருள் நன்றாக இருந்தும் சர்வரையே மாற்ற வேண்டியதாயிற்று. பிஎச்பி 5.4-இல் எழுதிய பழைய மென்பொருள், 7.2-இல் மைஎஸ்கியூஎல் இணைப்புக் கட்டளைகளே இல்லாமல் விழுந்தது; எழுதியவர் கம்பெனியை விட்டுப் போய்ப் பல காலம் ஆகியிருக்கும். இப்படி 2024 ஜூன் வந்துவிட்டது. அந்தத் தேதிக்குப் பின்னும் 7-இல் ஓடும் சர்வர்கள் இருக்கின்றன. கிடங்கின் முகவரியை ‘வால்ட்’ என்ற ஆவணக் காப்பகத்துக்குத் திருப்பிவிட்டால் பழைய பொதிகள் இன்னும் கிடைக்கும். அதைச் செய்தால் யம் வேலை செய்கிறது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டதாகச் சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்தக் காப்பகத்துக்கு இனி எந்தத் திருத்தமும் வராது. இணையத்தைப் பார்த்து நிற்கும் 7 உங்கள் பொறுப்பில் இருந்தால், தயவுசெய்து இந்த மாதமே ஏற்பாடு செய்யுங்கள். முடியாத இடத்தில் காசு கட்டி நீட்டித்த ஆதரவாவது வாங்குங்கள்.

வாரிசுகளின் பாதையும் சுலபமாக இல்லை. 2023 ஜூன் 21 அன்று ரெட் ஹேட் தன் என்டர்பிரைஸ் மூலநிரலைப் பொதுவில் வைக்கும் வழக்கத்தை நிறுத்தியது; பொதுவில் கிடைப்பது ஸ்ட்ரீமின் மூலநிரல் மட்டும். ராக்கி வேறு வழிகளில் மூலநிரலைத் திரட்டி, அச்சு அசலாக ஒத்திருப்பது என்ற பழைய விதியைப் பிடித்துக்கொண்டது. அல்மா அந்த விதியைக் கைவிட்டு, ரெட் ஹேட்டுக்கு எழுதிய மென்பொருள் இதிலும் ஓடினால் போதும் என்று முடிவெடுத்தது. ஆகவே ரெட் ஹேட்டுக்குக் காத்திராமல் சில ஓட்டைகளைத் தானே முதலில் அடைக்கவும் அதனால் முடிகிறது. ஃபெர்மிலேப்பும் செர்னும் 2022 டிசம்பரில் அல்மாவைத் தேர்ந்தெடுத்திருந்தன. நானும் என்னிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றை அல்மாவுக்கே கொண்டுபோயிருக்கிறேன். சென்ட்ஓஎஸ் 2009-இல் ஒருவர் பெயரிலும், 2014-க்குப் பின் ஒரு கம்பெனியின் பெயரிலும் இருந்ததால் வந்த கேடு தெரியும். உறுப்பினர்கள் வாக்களித்து இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பில் இருப்பதை நம்புகிறேன். அல்மா 9-க்கு 2032 மே 31 வரை ஆதரவு என்று போட்டிருக்கிறார்கள். ராக்கி 9-க்கும் அதே தேதிதான்.